முன்னால் பிரேமினி, பின்னால் நான்

ஒரு பல்லியால்தான் பிரேமினி எனக்குச் சிநேகிதியானாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. முள்ளியவளைக்குப் பக்கத்தில், கண் தெரியாத பிள்ளைகளும் காது கேளாத பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் வந்து மூன்றாவது நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம், சோற்றைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகையில் யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். இழுத்தேன், விடவில்லை. கோபத்தில் மற்றக் கையால் அடித்தேன். அடியை வாங்கிக்கொண்டே அந்தக் கையையும் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஒரு விரலால் எதையோ கீறினாள். முதல் தடவை கூச்சம்தான் வந்தது. இரண்டாம் தடவை ‘ப’ என்று பிடிபட்டது. மூன்றாம் தடவை முழுவதும் விளங்கியது. பல்லி.

நான் துள்ளி எழும்பிய வேகத்தில் நாங்கள் இருந்த வாங்குப் பலகை சரிந்து, அந்த வரிசையில் இருந்த நாலு பேரும் நிலத்தில் கிடந்தோம்.

எனக்கு எழுத்துத் தெரிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஒன்பது வயதுவரை எனக்குக் கண் தெரிந்தது. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில் வீட்டு வளவைத் துப்புரவாக்கி, அப்பா குப்பைக்கு நெருப்பு வைத்தபோது மண்ணுக்குள் கிடந்த ஏதோ ஒன்று வெடித்தது. அப்பாவுக்குக் காலில் காயம், எனக்குக் கண். அதை இங்கே நீட்டிச் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வந்தது சைக்கிளைப் பற்றி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூரைக்குக் கீழே இரண்டு ஊர் இருந்தது. பாடம் முடிந்தால் எங்களுக்கு மணி அடிக்கும். அவர்களுக்கு வாசலுக்கு மேலே சிவப்பு பல்ப் எரியும். விளையாட்டு நேரத்தில் நாங்கள் கிலுங்குகிற பந்தோடு ஒரு பக்கம், அவர்கள் சத்தமில்லாத கைப்பேச்சோடு இன்னொரு பக்கம். அவர்களுடைய கைகள் எங்களுக்குத் தெரியாது. எங்களுடைய கதை அவர்களுக்குக் கேட்காது. பிரேமினியும் நானும் மட்டும் உள்ளங்கையில் ஒரு ஒழுங்கைப் பாதை வெட்டிக்கொண்டோம். ரீச்சர்மார் முதுகைக் காட்டிக்கொண்டு கதைப்பதை நான் அவள் கையில் எழுதினேன். அவர்கள் வாய் திறக்காமல் முகத்தில் காட்டுவதை அவள் என் கையில் எழுதினாள். ஆறு மாதத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தெரியாத இரகசியம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

அவள் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்துப் பிள்ளை. அப்பா கிறிஸ்தோப்பர் கடலுக்குப் போகிறவர். பிறந்ததில் இருந்தே அவளுக்குக் காது கேட்காது. ஆனால் கண்ணும் காலும் நெருப்பு. பள்ளிக்கூடத்துப் பழைய சைக்கிளில் என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றுவாள். நான் கரியரில் இருந்தபடி காலை அடித்துக்கொண்டு, எனக்கும் பெடல் வேண்டும் என்று அவளுடைய முதுகில் எழுதுவேன்.

எங்களுக்குப் பதினைந்து வயதான வருடம் தங்கராசா அண்ணை பள்ளிக்கூட வாசலின் இரும்புப் படலையை ஒட்ட வந்தார். முள்ளியவளையில் வெல்டிங் கடை வைத்திருப்பவர். வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றதாகப் பிரேமினி எழுதினாள். பிறகு பக்கத்தில் வந்து, என்ன எழுதுகிறாய் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். ஒரு மாதம் கழித்து, இரண்டு பழைய சைக்கிளை வெட்டி ஒட்டி ஒன்றாக்கிய ஒரு நீளச் சைக்கிளை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டு சீற், இரண்டு ஹான்டில், இரண்டு சோடி பெடல். முன் பெடலுக்கும் பின் பெடலுக்கும் நடுவில் ஒரு செயின். நான் அதை முன்சில்லில் இருந்து பின்சில்லுவரை தடவிப் பார்த்தேன். தடவி முடிய நாலு எட்டு நடக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் மூன்று தரம் விழுந்தோம். இரண்டாம் நாள் பூவரச வேலிக்குள் போனோம். மூன்றாம் நாள்தான் ஒன்று விளங்கியது. செயின் ஒன்றானபடியால் அவளுடைய கால் செய்வதெல்லாம் என் காலுக்குத் தெரிந்தது. அவள் நிறுத்தினால் என் காலும் நின்றது. அதையே எங்கள் பேச்சாக்கினோம். அவள் பெடலைப் பின்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினால் முன்னால் பள்ளம். இரண்டு தட்டு, வளைவு. அவளுக்குக் கேட்காததை நான் முதுகில் சொல்வேன். வலது தோளில் ஒரு தட்டு, பின்னால் வாகனம். இரண்டு தட்டு, பெரிய வாகனம், ஓரத்துக்குப் போ. சட்டையைப் பிடித்து இழுத்தால், என்ன ஏது என்று பாராமல் நில்.

ஒரு கிழமையில் நாங்கள் றோட்டுக்கு வந்துவிட்டோம். எதிர்க்காற்று முகத்தில் அடிக்க, என் காலால் நானே ஓடுகிற அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது. கண் போன நாளில் இருந்து யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போன வேகத்தில்தான் நான் நடந்திருந்தேன். இப்போது மரங்கள் இரண்டு பக்கமும் விர் விர் என்று போகிற சத்தம் கேட்டது.

அந்த ஆடியில்தான், கண் தெரியாதவர்களுக்கான இரட்டைச் சைக்கிள் ஓட்டப் போட்டி ஒன்று வந்தது. ஆனையிறவில் இருந்து பரந்தன் சந்திவரை. முன்னால் கண் தெரிந்த ஒருவர் இருக்கலாம். எங்கள் விடுதிப் பொறுப்பாசிரியை ரஜிதா ரீச்சர் பெயர்களை அனுப்பிவிட்டு, போட்டிக்கு முதல்நாள் எங்களைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனா.

அங்கே போட்டிக்குப் பொறுப்பான அதிகாரி பத்திரத்தைப் பார்த்துவிட்டு, இது சரிவராது என்றார். முன்னால் ஓடுகிறவர்தான் விசில் கேட்க வேண்டும், பின்னால் வருகிற வாகனத்தைக் கேட்க வேண்டும். கேட்காத பிள்ளையை முன்னால் வைத்துக் கண் தெரியாத பிள்ளையைப் பின்னால் வைத்து ஏ-ஒன்பது வீதியில் விட்டால், நடப்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் கெட்ட மனிதரில்லை. குரலில் பயம்தான் இருந்தது.

ரஜிதா ரீச்சர் அமைதியாகச் சொன்னா: “சேர், நீங்கள் இவையை ஒவ்வொருத்தராப் பாக்கிறியள். ரெண்டு பேரையும் சேத்து ஒராளாப் பாருங்கோ.”

அவர் யோசித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என்னைச் சோதித்துப் பாருங்கோ என்றேன். வீதிக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். நின்றேன். வருவதெல்லாம் வரிசையாகச் சொன்னேன். மோட்டார் சைக்கிள், பின்னால் ஆள் இருக்கிறார். லாண்ட்மாஸ்ரர், வெறும் பெட்டி. ஒரு லொறி, தூரத்தில், இன்னும் வளைவு திரும்பவில்லை. லொறி வர நேரமெடுத்தது. அது வந்து எங்களைக் கடந்து போனபிறகு அவர் பத்திரத்தில் ஒப்பம் வைக்கும் பேனைச் சத்தம் கேட்டது. ஆனால் தான் மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னாலேயே வருவேன் என்றும், ஒரு பிழை கண்டாலும் அந்த இடத்திலேயே இறக்கிவிடுவேன் என்றும் சொன்னார்.

என் காதைப் பற்றி எனக்கு அன்று பெரிய நினைப்பு. பிரேமினியின் கையில், நீ றோட்டைப் பார், மற்றதெல்லாம் என்னிடம் விடு என்று எழுதினேன்.

அடுத்த நாள் காலை ஆனையிறவில் வான் வண்டியை விட்டு இறங்கியதும் அந்த நினைப்பு போய்விட்டது. தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்று. உப்பளத்து மணத்தை அள்ளிக்கொண்டு வந்து காதுக்குள் கொட்டியது. பக்கத்தில் நின்ற ரீச்சரின் குரலே துண்டு துண்டாகத்தான் வந்தது. நாங்கள் ஓட வேண்டியதோ தெற்குப் பக்கம், காற்றின் முகத்துக்கு. இதைப் பிரேமினிக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன, ஏன் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாய் என்று அவள் எழுதிக் கேட்டாள். குளிர் என்று பொய் எழுதினேன்.

பதினொரு சோடி. கொடி விழுந்ததும் பிரேமினி என்னைத் தூக்கி எறிவதுபோல் மிதித்தாள். நானும் மிதித்தேன். முதல் நிமிடம் எல்லாச் செயினும் எல்லா மூச்சும் என்னைச் சுற்றிக் கேட்டன. பிறகு ஒன்றுமில்லை. காற்று மட்டும். வலப்பக்கத்துக் காதில் ஒரு பெரிய படங்குச் சீலையை உதறுவதுபோல அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் என்ன வருகிறது, எத்தனை பேர் வருகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஒரு வான் எங்களை உரசிக்கொண்டு போனது. அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் கை பிரேமினியின் தோளில் தட்டவே இல்லை. அவளுடைய தோள் ஒருமுறை திடுக்கிட்டு இறுகியது.

கண்ணும் இல்லை, இப்போது காதும் இல்லை. என்னை நம்பித்தான் அவள் ஓடுகிறாள். நிறுத்துவோம் என்று சட்டையைப் பிடிக்கப் போனேன்.

பிடிக்கக் குனிந்த நேரம் என் கன்னம் அவளுடைய முதுகில் பட்டது. அந்த முதுகுக்குப் பின்னால் காற்று இல்லை. ஒரு சுவருக்குப் பின்னால் போய் நின்றதுபோல் இருந்தது. மெல்ல மெல்லச் சத்தங்கள் திரும்பி வந்தன. எங்கள் சில்லு தார் றோட்டை உரசும் சத்தம். இடது பின்னால் ஒரு சோடியின் மூச்சு. தூரத்தில் அதிகாரியின் மோட்டார் சைக்கிள். கன்னத்தை அப்படியே ஒட்டி வைத்துக்கொண்டேன். அப்போது இன்னொரு சத்தமும் கேட்டது, வெளியில் இருந்து அல்ல, அவளுடைய முதுகெலும்புக்குள் இருந்து. ஒவ்வொரு மிதிக்கும் ‘ம்’ என்று ஒரு முனகல்.

ஐந்து வருடத்தில் அவளுடைய குரலை நான் கேட்டதில்லை. சின்ன வயதில் அவள் வாய் திறந்தபோது ஊர்ப் பிள்ளைகள் சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு வாயை மூடிக்கொண்டவள் அவள். இப்போது தனக்கே தெரியாமல் பாடிக்கொண்டு ஓடினாள். நான் அந்த ‘ம்’முக்கு என் காலைச் சேர்த்தேன். இரண்டு பேருடைய மிதியும் ஒன்றாயிற்று. சைக்கிள் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. ஒரு சோடியைத் தாண்டினோம். இன்னொன்று. பிறகு இன்னொன்று. முன்னால் இனி இரண்டு சோடிதான் என்று வீதியோரம் நின்ற யாரோ கத்தியது கேட்டது.

உமையாள்புரம் வந்திருக்க வேண்டும். வீதியை மூடவில்லை, இடது ஓரத்தை மட்டும்தான் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெடல் படபடவென்று பின்னால் தட்டியது. ஒன்றல்ல, இரண்டல்ல, எண்ண முடியாமல். இதற்கு எங்களிடம் அர்த்தம் இல்லை. அதே நேரம் இடப்பக்கத்தில் ஒரு மாட்டு மணி கேட்டது. பட்டியாக மாடுகள் றோட்டுக்கு ஏறுகின்றன. பிரேமினி வலது பக்கம் சரிந்தாள். மாடுகளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

ஆனால் எங்களுக்குப் பின்னால், வலது பக்கத்தில், ஒரு பெரிய பஸ் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஹோர்ன் அடித்தபடி வந்தது. அவளுக்கு அது இல்லை. மாடுகள்தான் இருந்தன.

நான் தோளில் தட்டவில்லை. இரண்டு கையாலும் அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். முன்னால் இடைவெளி இருப்பதை அவள் கண்ணால் பார்க்கிறாள். ஏன் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே பிரேக்கை இறுக்கினாள். சைக்கிளின் பின்பக்கம் ஆடியது. என் கால் நிலத்தில் இழுபட்டுச் செருப்புக் கழன்று போனது. பஸ் போனது. அது கொண்டுவந்த சூட்டுக்காற்று என் வலது முழங்கையைத் தடவிக்கொண்டு போனது. நின்ற இடத்தில் ஒரு மாட்டின் மூச்சு என் இடது கையில் பட்டது.

பிரேமினி திரும்பி என் கையைப் பிடித்தாள். எழுத முயன்றாள். எழுதி முடிக்க விடவில்லை. நான் அவளுடைய கையை விரித்து ஒரு சொல் எழுதினேன். ஓடு.

அதற்குள் பின்னால் வந்தவர்களும் சேர்ந்துவிட்டார்கள். மாடுகள் விலகியதும் மூன்று சோடி எங்களை முந்திக்கொண்டு போனது. நின்ற நீளச் சைக்கிளைத் திரும்ப ஓட வைப்பது வண்டியைத் தள்ளுகிற வேலை. என் ஒரு கால் வெறுங்கால். பெடல் உள்ளங்காலைக் கடித்தது. ஆனால் பயம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய முதுகும் குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்று கன்னத்துக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே மிதித்தோம். கன்னம் முதுகில், ‘ம்’ காதில். ஒரு சோடி பின்னால் போனது. அடுத்தது. மூன்றாவது சோடியோடு கனநேரம் பக்கத்துக்குப் பக்கம் ஓடி, அதையும் பின்னால் விட்டோம்.

பரந்தன் சந்திச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒலிபெருக்கி, கைதட்டல், பஸ்காரர் அடிக்கிற ஹோர்ன். எங்களுக்கு முன்னால் இரண்டு செயின் ஓடும் சத்தம்தான். அதில் ஒன்றைச் சந்திக்குச் சற்று முன்னால் பிடித்தோம். மற்றது வவுனியாவில் இருந்து வந்த வினோஜாவும் அவளுடைய அக்காவும். அவர்களுடைய பின்சில்லு இடது பக்கம், பிரேமினிக்கு நேரே கேட்டது. பிறகு என் முழங்காலுக்கு நேரே, பிறகு என் சீற்றுப் பக்கம்.

அப்போது அவள் கத்தினாள்.

முனகல் இல்லை. வயிற்றில் இருந்து வந்த முழுக்குரல். சொல் ஒன்றும் இல்லை அதில். கரகரத்து, உடைந்து, மேலே ஏறி, ஒலிபெருக்கியை அமர்த்திக்கொண்டு போனது. நானும் கத்தினேன். இரண்டு பேரும் கத்திக்கொண்டே கோட்டைக் கடந்தோம்.

வினோஜா முதலாமிடம். நாங்கள் இரண்டாமிடம். முன்சில்லு ஒரு முழம் பின்னால் என்றார்கள். எனக்குக் கவலைப்பட நேரமில்லை. பிரேமினி என் கையை விரித்து வைத்துக்கொண்டு எழுதினாள். எல்லாரும் ஏன் என்னைப் பார்க்கிறார்கள்?

நீ கத்தினாய் என்று எழுதினேன்.

நானா என்று எழுதினாள். பிறகு, சிரித்தார்களா?

இல்லை என்று எழுதினேன். அது உண்மை. ஒருவரும் சிரிக்கவில்லை. கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மீன் மணமும் பெற்றோல் மணமுமாக ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். கிறிஸ்தோப்பர் மாமா. விடியக் கடலால் கரைக்கு வந்து, வலையில் பட்ட மீனைக்கூடப் பிரிக்காமல் அப்படியே மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். மகளைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“பிள்ளை, அந்தச் சத்தம் எங்கட பிரேமினிதானோ?”

“ஓம் மாமா.”

“ஆழக்கடலில நிண்டாலும் கேட்டிருக்கும்,” என்றார். பனியனால் முகத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சந்திக் கடையில் எங்கள் எல்லாருக்கும் சுடச்சுட றோல்சும் பால் விடாத பிளேன்ரீயும் வாங்கித் தந்தார். நான் நாலு றோல்ஸ் சாப்பிட்டேன். பிரேமினி ஐந்து.

அந்த அதிகாரியும் வந்தார். என் கழன்ற செருப்பை அவரே பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். பஸ் வந்தபோது தான் பின்னால் இருந்து விசில் ஊதியதாகவும், ஊதி முடிவதற்கு முன்னமே எங்கள் சைக்கிள் நின்றுவிட்டதாகவும் ரஜிதா ரீச்சருக்குச் சொன்னார். அடுத்த வருடம் உங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து எத்தனை சோடி அனுப்புவீர்கள் என்று கேட்டார். ரீச்சர் கொஞ்சமும் யோசிக்காமல் ஐந்து என்றா. அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். தங்கராசா அண்ணைக்கு அந்த வருடம் முழுவதும் வேலை இருந்தது. அடுத்த ஆடியில் சொன்னபடி ஐந்து சோடி போனது. கண் தெரியாத பிள்ளையும் காது கேளாத பிள்ளையுமாக ஐந்து சோடி. அவர்களை இருத்தி, பெடல்தட்டும் தோள்தட்டும் பழக்கியது நாங்கள் இரண்டு பேரும்தான். விளையாட்டு நேரத்தில் முற்றத்தில் இரண்டு பக்கம் என்று ஒன்று அதற்குப் பிறகு இருக்கவில்லை.

ஆனால் அன்று நடந்ததை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. சைக்கிளை வானுக்கு மேலே கட்டிக்கொண்டு திரும்பினோம். எல்லாரும் நித்திரை. எனக்கும் பிரேமினிக்கும் நித்திரை வரவில்லை. வற்றாப்பளை தாண்டுகிறோம் என்று சாரதி சொன்னதும் அவள் என் கையில் ஏதோ எழுதினாள். எனக்கும் அதே எண்ணம்தான். வானை நிற்பாட்டச் சொல்லி ரீச்சரிடம் கேட்டேன். மிச்ச றோட்டை ஓடிக்கொண்டு போகிறோம் என்றேன்.

“ஓடின களை இன்னும் போதாதோ உங்களுக்கு?” என்றா ரீச்சர்.

பிரேமினி என்ன முகம் காட்டினாளோ தெரியாது. சைக்கிளை அவிழ்த்து இறக்கினார்கள்.

வயல்களுக்கு நடுவில் பொழுது சாயும் வெயில் முதுகில் சுட்டது. காற்று இறங்கியிருந்தது. போட்டி இல்லை, விசில் இல்லை. வான் எங்களுக்குப் பின்னால் மெல்ல உருண்டு வந்தது. பள்ளிக்கூடப் படலைக்கு முன்னால் பிள்ளைகள் கூடி நிற்கும் சத்தம் கேட்டது. பெடல் இரண்டு தரம் தட்டியது. வளைவு. உள்ளே திரும்பப் போகிறாள் என்று நான் காலைத் தளர்த்தினேன். அவள் திரும்பவில்லை. படலையையும் பிள்ளைகளையும் வானையும் விட்டுவிட்டு, பெரிதாக ஒரு குரல் வைத்துக்கொண்டு, முள்ளியவளைச் சந்திப் பக்கம் விட்டாள் சைக்கிளை. நானும் மிதித்தேன்.